தேர்க்காசு

ஆர்.ஐ. கை கழுவிய தண்ணீர் ரோஸ் நிறமாக மாறியதை என் கண்ணால் பார்த்தேன். அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பாப்பாரப்பட்டிப் பக்கம் மாமனார் விட்டுப்போன மேட்டுக்காட்டை வீட்டுக்காரர் பெயருக்குப் பட்டா மாற்ற வேண்டியிருந்தது. அவர் லாரி டிரைவர், வீடு தங்குவதே அபூர்வம். அதனால் வருவாய் ஆய்வாளர் அலுவலகத்துக்கு நான்தான் நடந்தேன். அந்த ஆர்.ஐ.யும் எங்கள் மாதா கோயிலுக்கு வருகிறவர்தான். "மேல இருக்கறவங்களையும் பாக்கணுமில்லம்மா, எரநூறு கொண்டா" என்றார். தருமபுரிக்குப் போய் லஞ்ச ஒழிப்புப் போலீசில் எழுதிக் கொடுத்தேன். தொட்ட கையைக் கழுவினால் தண்ணீர் ரோஸாகிவிடும் என்று அவர்கள் நோட்டுகளில் ஏதோ பொடி தடவித் தந்தார்கள். வேறு அலுவலகத்துக் குமாஸ்தா ஒருவரைச் சாட்சியாக என்னோடு அனுப்பினார்கள். ஆர்.ஐ. வாங்கினார், பிடிபட்டார். பட்டா தானாக வீடு தேடி வந்தது.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் மனைவியைப் பார்த்தாலே பூசையில் மனம் நிற்காது. வாய்தா தள்ளிக்கொண்டே போனது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கோர்ட்டுச் சம்மனோ என்று அடுப்பை விட்டு எழுந்து ஓடுவேன்.

விசாரணைக்கு முந்தைய வாரம் அந்த அம்மாவே வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன், தொடவில்லை.

"அவுரு நம்ம கோயில் தேர்த் திருவிழாக் கமிட்டியில இருந்தாரில்ல கண்ணு? தேர்க்காசுன்னு குடுத்தேன்னு சொல்லிப்புடு. ஒரே வார்த்த. பொய்யின்னாலும் சாமி காரியந்தான?"

அவர் போன பிறகு வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். தொப்பூர்க் கணவாய் ஏறி லோடோடு வந்த வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "பட்டாதான் வந்துருச்சே, சொல்லிட்டுப் போயேன்" என்றார்.

கிருஷ்ணகிரி கோர்ட்டில் குமாஸ்தாவை முதலில் ஏற்றினார்கள். பக்கத்து ரைஸ் மில் சத்தத்தில் ஆர்.ஐ. கேட்டது தன் காதில் விழவில்லை என்றார் அவர். பணம் கைமாறியது மட்டும் போதாது, அவர் கேட்டார் என்பதும் நிரூபணமாக வேண்டும் என்று அரசு வக்கீல் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இனி அதைச் சொல்ல என்னைத் தவிர ஆளில்லை. அடுத்து என்னைக் கூண்டில் ஏற்றினார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்த முகமாகக் கேட்டார். "அவர் லஞ்சம் என்ற வார்த்தையைச் சொன்னாராம்மா?"

"இல்லீங்க."

"அப்போ தேருக்குத்தானே கேட்டார்?"

அந்த அம்மா பின்வரிசையில் முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தார். நான் வக்கீலையே பார்த்துச் சொன்னேன்.

"லஞ்சம்னு சொல்லி யாருங்க கேப்பாங்க? பட்டாவுக்கு மேல இருக்கறவங்களப் பாக்கணும், எரநூறு கொண்டான்னாரு. தேர் ஓடி முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சுங்க."

நீதிபதி தலை நிமிர்த்தி, கடைசியில் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

ஓராண்டு தண்டனை என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு செய்வதாகச் சொல்லி அன்றைக்கே ஜாமீனில் விட்டுவிட்டார்கள். தருமபுரி பஸ்ஸில் நான் உட்கார்ந்த பிறகு ஆர்.ஐ.யும் அவர் மனைவியும் ஏறினார்கள், எதிர் இருக்கையில்தான் இடம் இருந்தது. அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கண்டக்டரிடம் சில்லறை கொடுக்கும்போது காசு கைதவறிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன். என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இருந்தும் அந்த இருக்கையில் அதற்குமேல் உட்கார முடியவில்லை. தருமபுரிக்கு டிக்கெட் எடுத்திருந்தும் காவேரிப்பட்டணத்திலேயே இறங்கி, அடுத்த பஸ்ஸுக்காக வெயிலில் நின்றேன்.