விரல் சும்மா இருக்கக் கூடாத நாட்கள்

“…தழும்பு இல்லாம பின்ன என்னதுட்டி அது? கொசு கடிச்சா இப்பிடி வட்டமாவா இருக்கும்?”

பூவரசு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பக்கத்து வீட்டு மைனி கேட்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் அவளுடைய மூன்றரை வயது மகள், தான் கட்டிய அரளிச் சரத்தைத் தாய்க்குக் காட்ட இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். நான் தைத்துப் போட்டிருந்த முழுக்கைச் சட்டையின் கை தோள்வரைக்கும் வழிந்துவிட்டது. இடது கையில் புளியங்கொட்டை அகலத்துக்குப் புதுத்தோல் பளபளவென்று தெரிந்தது.

இருபத்தைந்து நாளுக்கு மேலாக அந்தச் சட்டைக் கைக்குள் நான் ஒளித்து வைத்திருந்தது அதுதான்.

மைனி என்றால் உறவு ஒன்றும் இல்லை. வயதில் மூத்தவள், அடுத்த வீடு, அதனால் மைனி. வாய் கொஞ்சம் நீளம். “என் வாய்க்குப் பயந்துதான் காக்கா எங்க முற்றத்திலே இறங்காது” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு ஏழு வயதில் ஒரு மகன், அவனுக்குக் கீழே இந்தச் சின்னவள். எனக்கு நாலு வயதில் ஒரே மகள். மகளின் அப்பாவுக்கு மலைத் தோட்டத்தில் வேலை. மாதம் ஒரு தடவை இறங்கி வருவார். தோவாளைச் சந்தைக்குப் பூக்கட்டிக் கொடுக்கிற தெரு எங்களுடையது. தாலுகா இன்னும் திருவனந்தபுரத்துக்குக் கீழே இருந்த காலம்.

அந்த வருஷம் பங்குனியில் எங்கள் பக்கம் பெரியம்மை கண்டது. அந்தப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். “அம்மா வந்திருக்கா” என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தி. பள்ளிக்கூடத்தை அடைத்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளை மணலில் உட்கார்த்தி எழுதப் பழக்கிக்கொண்டிருந்த ஆசானும், “நான் விளிச்ச பிறகு அனுப்பினா போதும்” என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மைனியின் மகனுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் கழித்து முகத்தில் முத்துப் போட்டது. வாசலில் வேப்பிலை ஏறியது.

அன்று மத்தியானம் சின்னவளை வேலிக்கு மேலாகத் தூக்கி என் கையில் தந்தாள்.

“ஏட்டி, இவள வச்சுக்கோ. பெரியவனுக்குத் தலைக்கு மூணு தண்ணியும் விட்ட பிறகு வந்து கொண்டு போறேன். ஒரே ஒரு காரியம். அம்மை குத்துகவன் வருவான். அவன் கையிலே இவளக் கொடுத்திராதே.”

“அதுக்கென்ன மைனி.”

“அதுக்கென்னன்னு சொல்லாதே. சத்தியம் பண்ணு. அண்ணன் மேல அம்மா இருக்கும்போ அதே வயித்துல பிறந்தவள முள்ளால குத்தினா, அந்தக் கோவம் எங்க போயி இறங்கும்? படுத்துக் கிடக்கவன் மேலதான். எனக்கு ரெண்டு கண்ணும் வேணும் பிள்ளே.”

சத்தியம் பண்ணினேன். தெரு முழுக்க அப்படித்தான் நம்பியது. நோய் கண்ட வீட்டில் மட்டுமில்லை, அடுத்த நாலு வீட்டிலும் தாளிக்க மாட்டோம், அந்தச் சத்தமே அம்மைக்கு ஆகாது என்று. நான் பாதி நம்பினேன். மீதிப் பாதியைப் பயம் எடுத்துக்கொண்டது.

சின்னவளை வைத்திருப்பது லேசாக இல்லை. வேலிக்கு அப்புறம் அண்ணன் முனகினால் போதும், எங்கே இருந்தாலும் ஓடிவிடுவாள். பூவரசு இடுக்கில் முகத்தைச் செருகிக்கொண்டு, “எண்ணே, எண்ணே” என்று விளிப்பாள். என் மகளும் பின்னாலேயே போய் நிற்பாள். தூக்கி வந்தால் அழுகை. அந்த அழுகை வேலி தாண்டிக் கேட்டால் தாய்க்கு அங்கே பொறுக்காது. ஆகவே அண்ணனுடைய முனகலைவிடப் பெரிதாக ஒன்றை அவர்களுக்கு நான் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது, காலை முதல் தூங்கும்வரைக்கும்.

கொல்லையிலிருந்து மணல் அள்ளிச் சலித்து, முற்றத்தில் வேலிக்கு எட்டாத மூலையில் பரப்பினேன். எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பலசரக்குக் கடைப் பொட்டலத் தாளை விரித்து விரித்து நானாக எழுத்துக் கூட்டியவள். அதனால் ஆசானுடைய வரிசை எனக்கு வரவில்லை. ஆசான் ‘அ’னாவில் தொடங்குவார். வளைத்துச் சுழித்து, பாவம், பிஞ்சு விரல் அதிலேயே ஒடிந்துபோகும். நான் ‘ட’வில் தொடங்கினேன். ஒரு கோடு மேலிருந்து கீழே, ஒரு கோடு பக்கத்தில், எழுத்து ஆச்சு! பிறகு ‘ப’. அது கூரை இல்லாத வீடு. உள்ளே ஒரு புன்னைக்காயை வைத்தால் வீட்டுக்கு ஆள் வந்தாச்சு. எத்தனை ஆள் என்று எண்ணணும். சின்னவளுக்கு மூன்றுக்குப் பிறகு எப்போதும் ஏழுதான். “நாலையும் அஞ்சையும் யாருட்டி தின்னா?” என்று என் மகள் அதட்டுவாள்.

எங்கள் தெருவில் கட்டிய பூ வேண்டாம் என்று சந்தையில் சொல்லிவிட்டார்கள். தோட்டத்தில் பூ அதுபாட்டுக்குப் பூத்தது. அதையும் பிள்ளைகளிடம் கொட்டினேன். வெள்ளை அரளி தனியாக, சிவப்பு அரளி தனியாக, கொழுந்து தனியாக. இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு என்று வாழைநாரில் வரிசை வைக்கணும். கண்ணைப் பொத்திக்கொண்டு மணத்தை வைத்துப் பெயர் சொல்லணும். சின்னவள் துளசியை நீட்டினாலும் “பிச்சி” என்பாள், வெங்காயத்தை நீட்டினாலும் “பிச்சி” என்பாள். அந்த நாட்களில் நான் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் இதற்குத்தான். சிரித்த மறு நிமிஷமே அவள் நெற்றியில் கைவைத்துப் பார்ப்பேன். அண்ணனோடு ஒரே பாயில் படுத்து எழுந்தவள். எப்போது சுடுமோ, எப்போது சுடுமோ.

இன்னொரு விளையாட்டும் பழக்கினேன். “பூனை வருது” என்று நான் சொன்னால் இரண்டு பேரும் அரங்குக்குள் ஓடி, இருட்டில் உட்கார்ந்து, மடியிலிருக்கிற புன்னைக்காயைச் சத்தமில்லாமல் தடவி எண்ணிக்கொண்டே இருக்கணும். நெல்லும் தேங்காயும் போட்டு வைக்கிற உள்ளறைதான் அரங்கு. மூச்சு விடக் கூடாது. எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது.

சின்னவள் வந்த மூன்றாம் நாள் பூனை வந்தது. தோளில் தோல்பை, கையில் குடை, காலில் புழுதி. பேச்சில் குழித்துறைப் பக்கத்து இழுப்பு.

“வீட்டில பிள்ளைகள் உண்டா தங்கச்சி?”

“இல்ல சார். ஊருக்குப் போயிருக்கு.”

அவர் முற்றத்து மணலைப் பார்த்தார். “இது ஆரு எழுதினது?”

“நான்தான். இப்பத்தான் படிச்சுகேன்.”

“கொள்ளாம். எழுத்து நல்லா இருக்கு.” குடை நுனியால் மணலைத் தொட்டார். “இந்தக் குஞ்சுப் பாதமும் உங்க பாதம்தானா?”

அவர் அதட்டவில்லை, உள்ளே எட்டிப் பார்க்கவுமில்லை. அடுத்த வீட்டு வேப்பிலையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

“அந்த வீட்டுப் பிள்ளையோட கூடி விளையாடின பிள்ளை எதாவது இருந்தா, ரெண்டு மூணு நாளைக்குள்ள குத்தினா தப்பிக்க வழி உண்டு. அது கழிஞ்சா, நான் பத்துத் தடவை வந்தும் காரியமில்ல. ஓடி ஒளியுகது என்னிட்ட இருந்துன்னு நினைக்குதியோ. எனக்கென்ன தங்கச்சி, நான் அடுத்த தெருவுக்குப் போவேன்.”

போய்விட்டார். அரங்குக் கதவைத் திறந்தேன். இருட்டில் இரண்டு பேரும் வேர்த்து நனைந்து, மடியைத் தடவி எண்ணிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் என்னைப் பார்த்து வாயைத் திறக்காமலே சிரித்தாள், சொன்னபடி இருந்தேனா என்கிற மாதிரி. ஓட்டமாக ஓடித் தெருமுக்கில் அவரைப் பிடித்தேன்.

“சார், கொல்லை வழியா வாங்க. அடுத்த வீட்டுக்குத் தெரியப்பிடாது.”

முதலில் என் கையை நீட்டினேன். பிறகு மகள். பிறகு சின்னவள். சின்ன வட்ட முள்ளைத் தோலில் வைத்து ஒரு திருகு. சின்னவள் அழவில்லை. “மாமா, இது என்ன எழுத்து?” என்று கேட்டாள். அந்த மனுஷர் பையைக் கட்டினார். “பத்து நாளைக்குச் சொறிய விடாதேங்கோ. காய்ச்சல் வரும், பயப்படாண்டாம்” என்றார்.

அன்றைக்கே என் பழைய சேலையைக் கிழித்து இரண்டு பேருக்கும் முழுக்கைச் சட்டை தைத்தேன். சாயங்காலம் வேலியோரம் சின்னவளைத் தூக்கிக் காட்டுவது வழக்கம். மைனி எட்டி நின்று பார்ப்பாள்.

“என்னட்டி இது, அவிச்சு எடுக்க வெக்கையிலே பிள்ளைக்கு முழுக்கை?”

“கொசு மைனி.”

“கொசு உன் வீட்டுக்கு மட்டும் தனியா வருதா?”

அவளுக்கு அப்போதும் கிண்டல் இருந்தது. பிறகு இல்லாமல் போனது.

குத்தின இடம் சிவந்து தடித்துக் கொப்பளமாயிற்று. பிள்ளைகளுக்கு அரிப்புத் தாங்கவில்லை. இடது கையில் புண், சொறிய ஓடுவது வலது கை. அந்த வலது கைக்கு ஒரு நிமிஷம் ஓய்வு கொடுத்தால் நகம் அங்கேதான் போகும். மணலில் எழுது, அழித்து எழுது. நெல்லையும் உளுந்தையும் கலந்து சுளவில் தந்து பிரிக்கச் சொன்னேன். பிரித்து முடித்ததும் திரும்பக் கலந்தேன். “இப்பத்தானே அத்தை பிரிச்சோம்?” என்று சின்னவள் கேட்டாள். “எலி கலந்துட்டுது மக்கா” என்றேன். பூக்கட்டுவதற்கு இரண்டு கையும் வேணும் என்பதால் அதுதான் எனக்கு மெத்த உதவியது. ஓலையில் காற்றாடி, பாம்பு, கிலுக்கு என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்து, தெரியாததையும் பின்னினேன். என் மகள் மட்டும் தூக்கத்தில் சொறிந்து பெரிய புண்ணாக்கிக்கொண்டாள்.

குத்தின எட்டாம் நாள் சின்னவளுக்கு உடம்பு கொதித்தது. அவர் சொன்ன காய்ச்சல்தானா, அண்ணனிடமிருந்து வந்ததா? யாரிடம் கேட்க? அரைமணிக்கொரு தரம் முகத்தையும் உள்ளங்காலையும் விளக்கு வைத்துப் பார்த்தேன். அவள் பாயில் கிடந்தபடியே தரையில் விரலால் ‘ப’ போட்டு, “அத்தை, வீட்டுக்குள்ள ஆளு வை” என்றாள். ஒரு புன்னைக்காய் வைத்தேன். “இன்னும் வை” என்றாள்.

அதே நாள் வேலிக்கு அப்புறம் பெரியவனுக்கு மூச்சு மாறிவிட்டது. மைனி மார்பில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. “தாயே, நான் என்ன தப்புச் செய்தேன்? ஒருத்தரும் ஒரு தப்பும் செய்யலியே!” என்று அவள் அலறினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில், மடியில் ஒரு பிள்ளை கொதிக்க, இன்னொரு பிள்ளைக்காக நான் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தப்பைச் செய்தவள் நான். இரண்டில் ஒன்று போனாலும் என் கையால் போனது. இரண்டும் போனால்? அன்றைக்கு யோசித்ததை இன்றைக்கும் முழுதாக எழுத மனசு வரவில்லை.

சின்னவளுக்கு இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. முத்து ஒன்றுகூடப் போடவில்லை. பெரியவன் ஒரு வாரம் அப்படியும் இப்படியுமாகக் கிடந்து கண்ணைத் திறந்தான். முகமெல்லாம் குழி விழுந்து, ஆனால் இரண்டு கண்ணும் தெரிந்து எழுந்து உட்கார்ந்தான். முதல் தண்ணி விட்டார்கள். அதற்கு மறுநாள்தான் சின்னவள் அரளிச் சரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

மைனி வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அத்தனை நாளில் முதல் தடவையாக என் படலைத் தள்ளி உள்ளே வந்து நின்றாள். மெலிந்து பாதியாகியிருந்தாள்.

“அவன் வந்து பிடிச்சுக் குத்தினானா?”

“இல்ல மைனி. போனவர நான்தான் விளிச்சேன்.”

“நீ விளிச்சே.” அதைத் திரும்ப ஒரு தடவை தனக்குத்தானே சொன்னாள். “என் பிள்ளைக்கு மூச்சு மாறின அன்னைக்கு, இவ கையிலே இந்தப் புண்ணு இருந்துதா?”

“இருந்துது.”

“தெரிஞ்சிட்டுத்தான் சாயங்காலம் சாயங்காலம் தூக்கிக் காட்டினியா?”

“ஆமா மைனி.”

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் குனிந்து சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். இன்னும் இரண்டு தண்ணி பாக்கி. அந்த வீட்டுக்குள் இப்போதே பிள்ளையைக் கொண்டுபோகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்த வாயால் சொல்ல?

படல்வரைக்கும் போனவள் நின்றாள். திரும்பி வந்து, மணலில் உட்கார்ந்திருந்த என் மகளின் இடது கையைப் பிடித்துச் சட்டையைத் தோள்வரைக்கும் சுருட்டினாள். அங்கேயும் இருந்தது, சின்னவளுடையதைவிடப் பெரிதாக, சொறிந்து சொறிந்து ஓரம் கிழிந்து. மைனி அதைப் பெருவிரலால் ஒரு தடவை தடவினாள். சட்டைக் கையை மணிக்கட்டுவரைக்கும் இழுத்துவிட்டாள். பிறகு சின்னவளை இடுப்பிலிருந்து இறக்கி, என் மகளுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார வைத்துவிட்டு, படலைச் சாத்திக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள்.