நெருப்பு மந்திரம்

கடலூரிலிருந்து என் மனைவியை டயாலிசிஸுக்குச் சிதம்பரம் அழைத்துப் போவேன். மெஷின் ஓடும் நேரத்தில் இருவரும் செல்போனில் மந்திரச் சண்டை விளையாடுவோம். ஒருவர் மாற்றி ஒருவர் மந்திரம் போட வேண்டும். கவசம் போட்டால் அடி குறையும். நெருப்பு பலித்தால் எதிராளி காலி. தவறினால் போட்டவர் காலி. அவள் எப்போதும் கவசம்தான் போடுவாள்.

அன்றைக்கு ஊசி குத்தாத கையால் நெருப்பை அழுத்தினாள். தவறிவிட்டது.

"கவசம் போட்டிருக்கலாமே" என்றேன்.

"போட்டா இன்னொரு அடி வாங்கலாம், அவ்ளோதான. அத வெச்சி யாருங்க ஜெயிச்சாங்க?"

மாற்றுச் சிறுநீரகம் வைக்க, உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் அவள் துணிந்திருந்தாள். இதயம் தாங்காது, செய்யவே முடியாது என்று டாக்டர் அன்று காலைதான் கைவிரித்திருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில், "அடுத்த வாட்டி நான் வரலங்க" என்றாள்.

"எனக்காக வா" என்றேன்.

வந்தாள். மெஷின் ஓடத் தொடங்கியதும் செல்போனை நீட்டினேன். வாங்காமல் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.