சாமி முன் வைத்த பிஸ்டன்

ரங்கூனில் வாழ்ந்து பின்னர் தாயகம் திரும்பிய குடும்பங்கள் சிலவற்றில், என் சிற்றப்பாவைப் பற்றி ஒரு பேச்சு இன்னும் உலவுகிறது. ஊர் சுற்றும் மோகத்தில், ஓர் ஆயுத பூஜையன்று சாமி முன் அடுக்கியிருந்தவற்றைக் காலால் தள்ளிவிட்டு அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார் என்பது அந்தப் பேச்சு. பெண் கொடுக்க வந்தவர்கள் அதைக் கேட்டுத் திரும்பிப் போனதும் உண்டு. அவர் ஒருபோதும் மறுத்துச் சொன்னதில்லை. அன்று அந்த வீட்டில் இருந்தவர்களில் இப்போது எஞ்சியிருப்பவள் நான் ஒருத்தியே. கல்லூரியில் தருக்கம் பயின்றவளாகையால், கண்டதைக் கண்டபடியே எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. எங்கள் குடும்பத்தில் எவரும் சாமியைக் காலால் தள்ளியதில்லை.

ரங்கூனின் லான்மடாவில் ஒரு மர வீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தைச் சேர்ந்த ஓர் அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா, பி.ஏ. பட்டம் பெற்றவர். சிற்றப்பா இன்சீன் ரயில்வே பட்டறையில் இயந்திரங்களுக்குப் படம் வரைபவர். முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய ஒரு ராணுவ அதிகாரியிடமிருந்து அவர் வாங்கிய மோட்டார் சைக்கிள், மாடிப்படியின் கீழே நின்றது. அதன் பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு, தொட்டிபோல ஒரு சைடுகார் பிணைக்கப்பட்டிருந்தது.

ஞாயிறுதோறும் அவரும் நண்பர்கள் சிலரும் பெகு சாலையிலோ புரோம் சாலையிலோ புறப்பட்டுப் போவார்கள். அதை ஊர் சுற்றல் என்று சொல்பவர்கள், அந்த ஒரு நாளுக்காக மற்ற மாலைகளில் அவர்கள் செய்த வேலையைக் கண்டதில்லை. அக்காலத்து வண்டிகளில் எண்ணெய் தானாக ஓடாது; ஓட்டுபவரே வழியெல்லாம் கையால் பம்பு அடித்து இயந்திரத்துக்கு எண்ணெய் ஊட்ட வேண்டும். திரும்பி வந்ததும் சேற்றை மூங்கில் சீவலால் வழித்து, சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, எண்ணெயில் ஊறப் போட வேண்டும். மற்றவர்கள் மாட்டுக் கொழுப்பை உருக்கி அதில் ஊறவைப்பார்கள். எங்கள் வீட்டு வாசலுக்குள் அது வர இயலாது. சிற்றப்பா விளக்கெண்ணெயைக் காய்ச்சி ஊறவைத்தார். ஆகையால் அவருடைய வண்டி கிளம்பிப் போன பிறகு தெருவில் பேதி மருந்து வாசனை வீசும். பசுந்தாங்கில் அரிசி ஆலை ஒன்றில் மெக்கானிக்காக இருந்த கோ தெய்ன் என்ற பர்மிய நண்பர், "முன்னால் போறது யாருன்னு பார்க்கவே வேண்டாம், மோந்தாப் போதும்" என்று தமக்குத் தெரிந்த தமிழில் கேலி செய்வார். அம்மாவை அவர் 'அமா' என்றுதான் அழைப்பார். அவர்கள் மொழியில் அது அக்காள்.

இயந்திரத்துக்குள் கரி படிந்துவிடும். நாளாக ஆக வண்டி மூச்சு வாங்கும், ஏற்றத்தில் இருமும். அப்போது சிலிண்டரைத் தூக்கி, பிஸ்டனையும் வால்வுகளையும் கழற்றி, கரியைச் சுரண்டியெடுக்க வேண்டும். மற்றவர்கள் தேவைப்பட்டபோது அதைச் செய்தார்கள். சிற்றப்பா மட்டும் ஆண்டின் பெரிய சுரண்டலை ஆயுத பூஜைக்கு முந்தின நாளில் வைத்துக்கொள்வார். கழுவித் துடைத்த பாகங்களை ஸ்பானர்களோடு ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் அடுக்கி, அம்மாவிடம் கொடுப்பார். அம்மா அவற்றுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, அப்பாவின் பேனாவுக்கும் என் பாடப் புத்தகங்களுக்கும் பக்கத்தில், சரஸ்வதி படத்தின் முன் வைப்பாள். மறுநாள் காலை மறுபூஜை முடிந்த பின்பே எதையும் எடுக்கலாம். இதனால் நண்பர்கள் அவருக்குப் 'பூசாரி' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

நான் சொல்ல வந்த ஆண்டில் எனக்கு ஏழு வயது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு ஒரு சரஸ்வதி பூஜையன்று, அப்பா அவசரம் கருதிப் பூஜையில் வைத்த பேனாவை எடுத்து அலுவலகக் காகிதம் ஒன்றில் எழுதினார். அம்மா தடுத்தாள், அவர் சிரித்தார். கார்த்திகை பிறந்த சில நாட்களில், தவழத் தொடங்கியிருந்த என் தம்பி காய்ச்சலில் போய்விட்டான். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. இல்லையென்று அப்பாவும் சொல்லவில்லை. பி.ஏ. படித்தவர் அதன் பிறகு பூஜை நாட்களில் பேனா இருக்கும் பக்கம்கூடப் போகமாட்டார்.

அந்த ஆயுத பூஜையன்று காலைப் பூஜை முடிந்து, நாங்கள் சாப்பிட்டு எழுந்திருந்தோம். பருவமழையின் கடைசித் தூறல் விழுந்துகொண்டிருந்தது. கீழே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தந்தி ஆபீஸ் மாமா படியேறி வந்தார். அவர் பெரம்பூரில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். சிற்றப்பாவின் கூட்டத்தில் ஒருவர். வழக்கமாகப் படியிலேயே ஏதாவது கேலி பேசிக்கொண்டு வருபவர், அன்று தொப்பியிலிருந்து சேறு வடிய, கூடத்து நடுவில் வந்து நின்றார்.

"பூசாரி, வண்டியை எடு. கோ தெய்ன் விழுந்துட்டான். லெகுவுக்கு அந்தாண்ட, பாலத்துல. கால் எலும்பு வெளிய வந்துடுச்சுப்பா."

சிற்றப்பா எழுந்தார். "எங்கே இருக்கான்?"

"ஊர்க்காரங்க தூக்கி ஒரு சத்திரத்துல போட்டிருக்காங்க. வைத்தியர் கிடையாது. எனக்குப் பின்னால உக்கார வெச்சுக் கொண்டாரலாம்னு பார்த்தேன், கத்தறான். படுக்க வெச்சுத்தான் கொண்டாரணும். உன் சைடுகார் ஒண்ணுதான் இருக்கு."

வாடகைக் கார் பிடிக்கலாமே என்றார் அப்பா. பாலத்தில் பாதிப் பலகைகள் வெள்ளத்தோடு போய்விட்டன, கார் ஏறினால் ஆற்றில்தான் இறங்கும், சைடுகார் என்றால் நாலு பேர் தூக்கிக் கடத்திவிடலாம் என்றார் தந்தி ஆபீஸ் மாமா. மாட்டு வண்டி மறுநாள்தான் வந்து சேரும். ரயில் பாதை அந்தக் கிராமத்துக்கு அருகில் இல்லை. "அது வரைக்கும் கால் தாங்காது சார். நான் யுத்தத்துல பாத்திருக்கேன். முட்டிக்கு மேல வெட்டிருவாங்க. அதுவும் உயிர் இருந்தா."

சிற்றப்பா அசையவில்லை.

"என்னய்யா நிக்கிற?"

"வண்டி பாதி கீழே இருக்கு, பாதி சாமிகிட்ட இருக்கு" என்றார் சிற்றப்பா. சிரிப்பதற்காகச் சொன்னதல்ல, ஆனாலும் தந்தி ஆபீஸ் மாமா சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

எல்லாரும் பூஜை அறையைப் பார்த்தார்கள். அதன் வாசலில் அம்மா நின்றிருந்தாள். ஸ்பானர்களையாவது வேறு எவரிடமிருந்தும் வாங்கிவிடலாம். ஆனால் பிஸ்டனே உள்ளே, நெற்றியில் குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது.

"தம்பி," என்றாள் அம்மா, "சாமிகிட்ட வெச்சதை விடியறதுக்குள்ள எடுக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சுதானே நிக்கிறீங்க?"

"ஆமா அண்ணி. நான் கேக்கலை."

தந்தி ஆபீஸ் மாமா அப்பாவிடம் திரும்பினார். "சார், நீங்க படிச்சவங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க." அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். தலைமைக் குமாஸ்தாவாக எத்தனையோ பேருக்கு உத்தரவு கொடுத்தவர், தம் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிற்றப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். "வா, உன் வண்டியிலேயே போவோம். ரெண்டு பேருமா அவனைத் தூக்கிட்டு நடக்கலாம்" என்று நண்பரிடம் சொல்லிவிட்டுப் படியில் இறங்கினார். அது நடக்கக்கூடிய காரியம் அல்ல என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"நில்லுங்க தம்பி" என்றாள் அம்மா.

அவள் கூடத்தைக் கடந்து வந்து என் மணிக்கட்டைப் பற்றினாள். நான் என்ன தவறு செய்தேன் என்று யோசித்தபடியே அவளோடு பூஜை அறைக்குள் போனேன். மீண்டும் கற்பூரம் ஏற்றினாள். என்னைத் தனக்கு முன்னால் உட்காரவைத்து, இடது கையை என் தலைமேல் வைத்து அழுத்தினாள். வலது கையால் பிஸ்டனை எடுத்தாள். பிறகு வால்வுகள், ஸ்பிரிங்குகள், ஒவ்வொரு ஸ்பானராக. எடுக்கும்போதெல்லாம், "நான்தான் எடுத்தேன், நான்தான் எடுத்தேன்" என்று படத்தைப் பார்த்து மிகத் தாழ்ந்த குரலில் சொன்னாள். பேனாவையும் புத்தகங்களையும் தொடவில்லை. எனக்குப் பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்க்க ஆசை. தலையைத் திருப்ப முயன்றேன். அந்தக் கை விடவில்லை. அவ்வளவு கனமான கையாக அது முன்பு இருந்ததில்லை.

பாகங்களை முந்தானையில் ஏந்தி வந்து கூடத்தில் சிற்றப்பாவின் முன் விரித்தாள். "போயிட்டு வாங்க" என்றாள்.

அதன் பின் எல்லாம் வேகமாக நடந்தது. சிற்றப்பா சந்தனத்தையும் குங்குமத்தையும் பெட்ரோலில் நனைத்த துணியால் துளியும் இல்லாமல் துடைத்தார். அந்தப் பொடி உள்ளே போனால் பிஸ்டன் வழியிலேயே இறுகிவிடும். பிஸ்டனின் வளையங்களைச் சுற்றிலும் நெருக்கிப் பிடித்துக்கொண்டால்தான் சிலிண்டரை அதன்மேல் இறக்க முடியும். அதற்கு இன்னொரு ஜோடிக் கை வேண்டும். தந்தி ஆபீஸ் மாமாவின் விரல்கள் நெடுந்தூரம் கைப்பிடியைப் பற்றி வந்ததில் மரத்துப்போயிருந்தன. அப்பா வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு மண்டியிட்டார். ஸ்பானரின் பெயர்கூட அறியாதவர் அவர்.

"அண்ணே, மெதுவா. முட்டையைப் புடிக்கிற மாதிரி."

"முட்டை இவ்வளவு வழுக்காதுடா."

"வழுக்கினா வளையம் ஒடஞ்சிடும். ஒடஞ்சா நாம எல்லாரும் நடைதான்."

அப்பா பிடித்தார். சிலிண்டர் இறங்கியது. அவர் வாழ்நாளில் எதைப் பற்றியும் பெருமை பேசிக்கொண்டவரல்ல. ஆனால் அன்று கறுத்த தம் விரல்களை நெடுநேரம் கழுவாமல் வைத்திருந்தார்.

கீழ்வீட்டு வாசலில், சுங்க இலாகாவில் பணியாற்றிய ஒருவரின் மனைவி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். துடைத்தெறிந்த துணியில் குங்குமம் ஒட்டியிருந்ததை அவள் கவனித்துவிட்டாள்.

"என்ன தம்பி, பூஜையைக் கலைச்சிட்டீங்களா? யாரு எடுத்தது?"

அம்மா படியின் நடுவில் நின்றிருந்தாள். பதில் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் சிற்றப்பா நிமிர்ந்தார்.

"நான்தான் எடுத்தேன். யாரையும் கேக்கலை. அண்ணி, நீங்க உள்ளே போங்க."

அந்தப் பேச்சின் வேர் இதுதான். காலால் தள்ளியது பிற்பாடு யாரோ சேர்த்தது.

சக்கரத்தடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழம் நசுங்க, வண்டி கிளம்பியது. கார்பைடு விளக்கைச் சிற்றப்பா அப்போதே ஏற்றிவிட்டிருந்தார். கோ தெய்னை இரவே மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள் என்று மறுநாள் பொழுது விடிந்த பின் செய்தி வந்தது. கால் தப்பியது, சற்றுக் குட்டையாகத் தப்பியது. அடுத்த கோடையில் அவர் சாய்ந்து சாய்ந்து எங்கள் படியேறி வந்து, 'அமா'வின் முன் பர்மிய முறைப்படி மண்டியிட்டு வணங்கினார். யார் அவரிடம் சொன்னார்களோ, அறியேன்.

எனக்கு அதைவிட அழுத்தமாக நினைவிருப்பது அந்தக் கோடைக்கு முந்தின நாட்களே. பூஜை கழிந்தது முதல் அம்மா என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. தூறலில் நிற்கக் கூடாது. பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. தெருவில் விற்கும் எதையும் தொடக் கூடாது. நான் உறங்கும்போதும் அவள் புறங்கை என் கழுத்தில் வந்து படும். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சிற்றப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போனதற்கு என்னை ஏன் அடைத்து வைக்கிறாள் என்று அப்பாவிடம் முறையிட்டேன். நியாயத்தை எப்போதும் படிப்படியாக விளக்கிச் சொல்லும் அப்பா, "இன்னும் கொஞ்ச நாள்" என்று மட்டும் சொன்னார். தீபாவளி வந்தது, புத்தாடையோடு நான் ஜன்னலோரம் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளின் வெடிகளைப் பார்த்தேன். கார்த்திகை பிறந்தது. தம்பி போன நாளும் வந்து போயிற்று.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அடுக்களையில் நெய் மணத்தது. அம்மா குளித்து, தலையை முடியாமல் விரித்துவிட்டுக்கொண்டு, இலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். என் பள்ளிப் பை மாடிப்படியருகே இருந்தது. அன்று அமாவாசையுமில்லை, வெள்ளிக்கிழமையுமில்லை.

"இன்னைக்கு என்னம்மா விசேஷம்?" என்றேன்.

"ஒண்ணுமில்லை. நீ சாப்பிடு."

அப்பாவும் சிற்றப்பாவும் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் செல்வாக்கு எனக்கு எங்கிருந்து வந்ததென்று நான் ஆராயவில்லை. முந்திரி போதவில்லை என்று குறை சொல்லிவிட்டு, இன்னொரு முறை போடச் சொன்னேன்.