நீல டிரம்மில் இருந்தது

எத்தனை லிட்டர் கறக்கும் என்று என் மாடுகளைப் பார்த்துக் கேட்பவர்களிடம் பதில் பேசுவதை நான் நிறுத்தி வெகுநாள் ஆகிறது. கறக்காது. அவை மலைமாடுகள். பால் கன்றுக்கு, சாணம் எங்களுக்கு. அறுவடை முடிந்த வயலில் ராத்திரி முழுக்க மாடுகளை அடைத்துப்போட்டால் அந்த மண் அடுத்த வெள்ளாமைக்கு மூட்டை உரம் கேட்காது. அதற்குத்தான் கிடை போடுவது என்று பெயர். தேவதானத்தில் அப்பா எனக்கு விட்டுப்போன கிடை இது, ஐம்பது உருப்படிக்குமேல் இருக்கும். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விவசாய வாத்தியார். பகலில் எருவைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டுச் சாயங்காலம் எருவுக்குள் நிற்கிறவன். ஆசிரியர் அறையில் என் முதுகுக்குப் பின்னால் 'சாணி சார்' என்று சொல்வார்கள். அவர்கள் சாப்பிடும் சோறு எதில் விளைந்தது என்று நானும் கேட்பதில்லை, அவர்களும் யோசிப்பதில்லை.

முன்பெல்லாம் ஐப்பசி பிறந்து வயலெங்கும் பயிர் நிற்கும்போது மாடுகள் மலை ஏறிவிடும். இப்போது மலையைப் புலிகள் காப்பகம் ஆக்கிவிட்டார்கள், உள்ளே மாடு போகக்கூடாது. சரி, புலி வாழட்டும், புலிமேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் மழைக்காலம் முழுக்க ஐம்பது மாட்டை என் சட்டைப்பையிலா போட்டுவைக்க முடியும்? கோடையில் "சார், நம்ம வயல்ல நாலு நாள் கிடை போடுங்க" என்று வாசலில் வந்து காத்துக்கிடக்கிற அதே ஆட்கள், மழை விழுந்துவிட்டால் என்னைக் கண்டதும் பைக்கைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபிறகு நீ யாரோ நான் யாரோ. அந்த முகங்களையெல்லாம் நான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

அப்படி எல்லாரும் கைவிரித்த வருஷத்தில்தான் என் தங்கையின் வீட்டுக்காரர் முன்வந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, செட்டியார்பட்டிக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் வாங்கிப் போட்டிருந்தார். கோடையில் அவர் வயலில் நான் காசு வாங்காமல் கிடை போட வேண்டியது. மழைக்காலத்தில் அவருடைய தோப்பில் என் மாடுகள் மேயும். நல்ல ஏற்பாடு. மாப்பிள்ளை தன் தோப்பை இயற்கைத் தோப்பு என்று அறிவித்து, தேங்காய் எண்ணெயைப் பாட்டிலில் அடைத்து மதுரைக்கும் சென்னைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். பாட்டிலின் லேபிளில் தென்னைக்குக் கீழே மாடுகள் நிற்கிற படம் இருக்கும். அவை என் மாடுகள். நானும் பெருமைப்பட்டேன். மருந்தே தொடாத தோப்பைப் பாருங்கள் என்று என் வகுப்புப் பிள்ளைகளை வேன் பிடித்து அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாடு பார்க்கத் தோப்புக்குப் போனேன். மதுரையிலிருந்து எண்ணெய் வாங்குகிற குடும்பங்கள் இரண்டு காரில் தோப்பைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தன் கையாலேயே இளநீர் சீவிக் கொடுத்து, மண்புழுவைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அந்த விளக்கம் நான் அவருக்குச் சொன்னது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று தள்ளி நின்றேன்.

அப்போது மோட்டார் ரூம் பக்கமிருந்து எங்கள் கிடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். அப்பா காலத்திலிருந்தே எங்கள் மாடுகளோடு இருப்பவர், சும்மா சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஓடினேன். காரிப்பசு ஒன்று வாயில் நுரை தள்ள உடம்பு வெடவெடவென்று நடுங்கி நின்றது. வயிறு இடப்பக்கம் உப்பிவிட்டது. நான் கிட்டப் போவதற்குள் பக்கத்தில் இன்னொன்று முன்னங்கால் மடங்கி விழுந்தது.

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். கிருஷ்ணன்கோவில் தாண்டி ஓர் ஊரில், ஈன முடியாமல் தவித்த பசுவுக்குக் கன்றை இழுத்துக்கொண்டிருந்தார். வர நேரமாகும் என்றவர், மாடு எதைத் தின்றது, எதைக் குடித்தது என்று மட்டும் கேட்டார். மழைப் புல் மேய்ந்து வந்த உப்புசமாக இருந்தால் எண்ணெய் ஊற்ற வேண்டும். யூரியா உள்ளே போயிருந்தால் எண்ணெயால் பிரயோஜனம் இல்லை, வினிகரோ கெட்டியான புளித்தண்ணீரோ ஊற்ற வேண்டும், அதுவும் உடனே. எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள் சார் என்று சொல்லி வைத்துவிட்டார். இந்தப் பாடத்தை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவன் நான்.

மோட்டார் ரூம் நிழலில் பாதியாக அறுத்த நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்று இருந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அதைத்தான் மாடுகள் முட்டி மோதிக்கொண்டு குடித்தன என்றார் கிடைக்காரர். மாப்பிள்ளையும் விருந்தாளிகளும் எங்களைச் சுற்றி வந்துவிட்டார்கள். நான் அவரிடம் கேட்டேன்.

"மாப்ள, இந்த டிரம்முல என்ன இருந்துச்சு?"

"பச்சத் தண்ணி, மச்சான். மோட்டார்ல பிடிச்சு வச்சது."

நம்பாமல் இன்னொரு தரம் கேட்டேன். விருந்தாளிகளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, "தண்ணிதான்னு சொல்லுதம்லா" என்றார். சொன்னவர் வழிப்போக்கர் இல்லை. என் தங்கையின் புருஷன், என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். அப்படியானால் புல் உப்புசம்தான் என்று முடிவு செய்தேன். விற்பனைக்கு அடுக்கிவைத்திருந்த எண்ணெய்ப் பாட்டில்களின் மூடியைத் திருகித் திறந்து, கடைவாயில் செருகி, நானும் கிடைக்காரரும் ஒவ்வொரு மாடாக ஊற்றினோம். காரிப்பசு என் கால்மேலேயே தலையைப் போட்டுச் செத்தது. சினையாக இருந்தது. பின்னாலேயே இரண்டாவதும் போயிற்று. விருந்தாளி ஒருவர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டுத் தோப்புக்குள்ளேயே இருந்த வீட்டிலிருந்து தங்கை ஓடிவந்தாள். செத்த மாடுகளைப் பார்த்தாள், டிரம்மைப் பார்த்தாள், என் கையிலிருந்த பாட்டிலைத் தட்டிவிட்டாள்.

"அண்ணே, எண்ணெய ஊத்தாத. அது யூரியா. கோரைக்கு அடிக்க மருந்தும் யூரியாவும் கல்லுப்பும் போட்டு அவிய காலையில கலக்கி வச்சது."

களைக்கொல்லியோடு யூரியாவும் உப்பும் கலந்து அடித்தால் கோரை கிழங்கோடு கருகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த பரம ரகசியம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வைத்தியம், டீக்கடையிலேயே படித்துப் பட்டம் வாங்கியது. மலையில் இருந்தவரை என் மாடுகள் உவர்மண்ணை நக்கிக்கொள்ளும். தோப்பில் அது ஏது? உப்பு வாசனைக்கு டிரம்மை மொய்த்துவிட்டன.

தங்கை வீட்டுக்குள் ஓடி, வருஷத்துக்கென்று கொட்டை நீக்கி வைத்திருந்த புளி முழுவதையும் பானையோடு தூக்கிவந்து அண்டாவில் போட்டுக் கரைத்தாள். ஆளுக்கொரு பாட்டிலோடு விழுந்த மாடுகளுக்கும் நடுங்கின மாடுகளுக்கும் ஊற்றினோம். இன்னும் இரண்டு செத்தன. மற்றவை இருட்டுவதற்குள் எழுந்து நின்றுவிட்டன. டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, புளி வந்த நேரத்துக்குத்தான் இம்புட்டாவது தப்பித்தது என்றார். அந்த நேரம் முழுக்க மாப்பிள்ளை காருக்குப் பக்கத்தில் நின்று விருந்தாளிகளுக்கு ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு குடம் தண்ணீர் தூக்கவில்லை. அவர்கள் எண்ணெய் வாங்காமலே போனார்கள்.

மருந்து அடித்ததை நான் குற்றம் சொல்லவில்லை. களை எடுக்க ஆள் கிடைக்காத ஊரில் அடிக்காதவன் யார்? இயற்கை என்று சொல்லி விற்றது அவருக்கும் அவர் மனசாட்சிக்கும் உள்ள வழக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களோடு பேசிப் பழகியவன்தான் நான். ஆனால் ஒரு ஜீவன் கண்முன்னால் துடிக்கும்போது, எதைக் குடித்தது என்று கேட்டவனிடம், நான்கு பாட்டில் எண்ணெய் வியாபாரத்துக்காகப் பொய் சொன்னார் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. முதல் இரண்டு மாடுகளும் யூரியாவால் சாகவில்லை என்றே சொல்வேன். 'பச்சத் தண்ணி'யால் செத்தன. மறுநாளே கிடையைத் தேவதானத்துக்கு ஓட்டிவந்து, வைக்கோல் விலைக்கு வாங்கிப் போட ஆரம்பித்தேன்.

இதில் கோபம் வர வேண்டியது எனக்கு. வந்தது மாப்பிள்ளைக்கு. விருந்தாளிகள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்று தங்கையோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவள் சமைத்ததைச் சாப்பிடாமல் மோட்டார் ரூமிலேயே படுக்கை. மாதக் கணக்கில் இது நீண்டதும் எங்கள் சித்தப்பா, சபைக் கமிட்டியில் இருப்பவர், ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு எங்களைத் தங்கை வீட்டில் உட்கார்த்தி வைத்தார். ஜெபம் பண்ணித்தான் தொடங்கினார். குடும்ப சமாதானம், ஒற்றுமை, தாழ்மை எல்லாம் ஜெபத்தில் வந்தன. மாடுகள் வரவில்லை. 

ஆமென் சொன்னதும் சித்தப்பா தங்கையைப் பார்த்துத் திரும்பினார். "ஏட்டி, புருஷன் மானத்த அம்புட்டு பேருக்கு முன்னாடி வாங்கிட்ட. ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுட்டா கொறஞ்சா போயிருவ?"

மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று நான் மாப்பிள்ளையைக் காட்டினேன். என் குரல் வீதிவரை கேட்டிருக்கும். படித்த வாத்தியார் நீயே தங்கச்சி வாழ்க்கையைக் கெடுக்கலாமா, மாட்டுக்கு வேண்டுமானால் ஏதாவது பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார் சித்தப்பா. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்றால் இதுதான். எழுந்து போய்விடலாம் என்று வேட்டியை மடித்துக் கட்டினேன். தங்கை கண்ணாலேயே என்னை உட்காரச் சொன்னாள்.

"நான் பொய் சொல்லியிருந்தா மன்னிப்பு கேப்பேன் சித்தப்பா. உண்மையத்தான சொன்னேன்."

மாப்பிள்ளை அன்றைக்குத்தான் முதல்தடவையாக வாயைத் திறந்தார். அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"உண்மைன்னா கத்தித்தான் சொல்லணுமா? மச்சான் காதுல வந்து மெல்லமா சொல்லியிருக்கலாம்லா."

 தங்கை சத்தமே உயராமல் கேட்டாள்.

"நான் வீட்டுக்குள்ள இருந்தேன். நீங்க அண்ணனுக்குப் பக்கத்துலதான நின்னிய. அவன் காதுல நீங்க சொல்லியிருக்கலாம்லா?"

 சித்தப்பா முடிவு ஜெபம்கூடப் பண்ணாமல் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார்.