அச்சு அசலான குரல்

இந்த நாட்டில் ஒருத்தி வாயைத் திறக்காமலேயே வாரக்கணக்கில் வாழ்ந்துவிடலாம். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து, ஒரு வார்த்தையும் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று மருத்துவர் என்னை வீட்டுக்கு அனுப்பியபோது, கடைகண்ணிக்குப் போனால் என்ன செய்வது என்று பயந்தேன். ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ரொட்டிக் கடையில் விரலைக் காட்டினேன், நீள ரொட்டி வந்தது. சூப்பர் மார்க்கெட் கல்லாவில் இருந்த பெண் ‘போன்ழூர்’ என்றாள், தலையசைத்தேன். கிளம்பும்போது ‘ஓ ருவார்’ என்றாள், மறுபடி தலையசைத்தேன். லிஃப்டில் மேல்மாடிக்காரர் தன் நாயைப் பார்த்துச் சிரித்தார், நானும் நாயைப் பார்த்துச் சிரித்தேன். பாரீஸ் புறநகரில் நாங்கள் குடியிருக்கும் இந்த அடுக்குமாடியில் எனக்குப் பேச்சு நின்றுபோனதை ஒருவரும் கவனிக்கவில்லை. முதலில் நிம்மதியாக இருந்தது, பிறகு எரிச்சலாக வந்தது. விருத்தாசலத்தில் விடுவார்களா? ‘ஏம்மா, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருக்க, வூட்ல சண்டையா?’ என்று தக்காளிக்காரி ஆரம்பிப்பாள். பதில் வராவிட்டால் பக்கத்துக் கடைக்காரியைத் துணைக்கு அழைப்பாள். பொழுது சாய்வதற்குள் எங்கள் தெருவே என் தொண்டைக்கு வைத்தியம் சொல்லியிருக்கும்.

என் தொண்டை மேல் ஊருக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு. நான் அங்கே பாட்டுக்காரி. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்து என்னை வளர்த்தாள். மாதா கோயிலில் பாடிக்கொண்டிருந்த என்னை, மெல்லிசைக் குழு நடத்திவந்த டேவிட் மாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்து கேட்டார். அம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான், கச்சேரிக்கு அவளும் கூட வருவாள். திட்டக்குடி, நல்லூர், மங்களூர் என்று சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் திருவிழா என்றாலும் வேனின் முன் இருக்கையில் அம்மா, மடியில் சுக்கு வெந்நீர் பிளாஸ்க். நான் பாடும்போது மேடைக்குப் பக்கவாட்டில் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ‘எம் பொண்ணு’ என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

மெல்லிசைக் குழுக்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே நன்றாகப் பாடுவது என்றால் கேசட்டில் இருப்பதுபோலப் பாடுவது. டேவிட் மாஸ்டர் டேப்பை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, ‘ஒரிஜினல்ல அவங்க எங்க மூச்சு வாங்குறாங்களோ அங்கதான் நீயும் வாங்கணும். நீயா ஒண்ணும் போடாத’ என்பார். சென்னைப் பாடகி ஓரிடத்தில் லேசாகத் தொண்டையைக் கனைத்திருந்தால் நானும் அதே இடத்தில் கனைக்கப் பழகினேன். அதில் எனக்குக் குறையாக எதுவும் தோன்றியதில்லை. அம்மாவின் பட்டறையில் ஓர் அச்சில் வார்த்த பொம்மைகளில் ஒன்றின் மூக்கு மட்டும் வேறு மாதிரி வந்தால் அதைக் கழிவில் போடுவார்கள். பீங்கானுக்குப் பேர்போன எங்கள் ஊர்க்காரிக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டுமா? ஒருமுறை திட்டக்குடியில் பெரியவர் ஒருவர் கேசட் ஓடுகிறதா என்று பார்க்க மேடைக்கே ஏறி வந்துவிட்டார். பாட்டு முடிந்ததும் என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘நீ பாடுற மாதிரியே இல்லம்மா’ என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. அம்மா அதைப் பட்டறையில் பல நாள் சொல்லித் திரிந்தாள்.

பிறகு கல்யாணம். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், மாப்பிள்ளைக்கு விமான நிலையத்தில் வேலை. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஊர் கேசட்டிலிருந்து சிடிக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில் நான் இங்கே வந்து இறங்கினேன். குளிரும் மொழியும் படுத்திய பாட்டை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். பங்குக் கோயில் பாடகர் குழுவில் மர்செல் என்பவர் பாஸ் கித்தார் வாசித்தார். கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான மார்த்தினீக் தீவிலிருந்து வந்த கறுப்பினத்தவர், என்னைப்போலவே இரண்டு ஊர்க்காரர். சனிக்கிழமைகளில் அவருடைய குழு உணவகங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் சோல் பாட்டும் பாப் பாட்டும் வாசிக்கும். ஒரு பாடகி தேவை என்று என்னை அழைத்தார். சோல் என்றால் கோயிலில் பிறந்து தெருவுக்கு வந்த கறுப்பின மக்களின் பாட்டு என்று எனக்குப் புரிகிற அளவில் சொல்லி, அமெரிக்கப் பாடகி ஒருத்தியின் சிடியைக் கொடுத்தார்.

அந்தப் பாடகியின் குரல் கரகரவென்று இருந்தது. உச்சத்துக்குப் போகும்போது நடுவில் உடையும், காற்றாகும், மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆங்கிலம் எனக்கு அரைகுறை. ஆனால் நான் என்றைக்கு வார்த்தையைப் படித்தேன்? உடைவுகளைப் படித்தேன். எந்தச் சொல்லில் உடைகிறது, எவ்வளவு நேரம், எந்த இடத்தில் காற்று என்று டேவிட் மாஸ்டர் பழக்கியபடியே நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். என் தொண்டை மெல்லியது, அந்தக் கரகரப்பு தானாக வராது. கழுத்து நரம்பு புடைக்க இறுக்கினால் வந்தது. முதல் சனிக்கிழமை ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மர்செல் மட்டும் தட்டவில்லை. கருவியைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, ‘சே பா த்வா, ரோஸ்லின்’ என்றார். இது நீ இல்லை என்று அர்த்தம். நான் மனம் நிறைந்து ‘மெர்ஸி’ என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வருடங்கள் நல்ல வருடங்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். சுவரொட்டியில் என் பெயர் வந்தது. நகராட்சி விழாவில் பெரிய மேடை கிடைத்தது. மர்செல் அவ்வப்போது அதே வாக்கியத்தைச் சொல்வார், நான் அதே நன்றியைச் சொல்வேன். கச்சேரிக்கு மறுநாள் பேச்சு எழும்பாது, தேனும் மிளகும் போட்டுக் குடித்தால் செவ்வாய்க்கிழமைக்குள் சரியாகும். பிறகு வியாழக்கிழமை ஆனது. பிறகு ஒருநாள் பாட்டின் பாதியில், அந்த அமெரிக்கப் பாடகியின் குரல் உடையும் இடத்தில் என் குரலும் உடைந்தது, மறுபடி பிடித்துக்கொள்ளவில்லை. குரல் நாணில் முடிச்சும் ரத்தக்கட்டும் என்றார் மருத்துவர். வெட்டி எடுத்தால் பேசலாம், இனிப் பாடுவது நடக்காது என்றார். மருத்துவமனைக்கு வந்த மர்செல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ‘அந்தப் பாடகியின் குரல் அவள் பட்ட பாட்டில் அப்படி ஆனது. உனக்கு உன்னுடையது இருந்ததே, அதைத்தான் உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்’ என்றார். பேச முடியாததால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். இதை இத்தனை நாளில் ஒருமுறையாவது முழுதாகச் சொல்லியிருக்கலாமே என்று இன்றும் அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு.

ஊரில் தனியாக இருக்கும் அம்மாவிடம் அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்லவில்லை. ரத்தக்கொதிப்புக்காரி. ‘சளி புடிச்சிருக்குது அத்தை, பேச முடியல’ என்று என் கணவர் சமாளித்துவந்தார். மருத்துவர் பேசலாம் என்ற அன்று, கணவர் வேலைக்குப் போனதும் நான்தான் அம்மாவைக் கூப்பிட்டேன். என் வாயிலிருந்து வந்தது தடித்துக் கம்மிய, எனக்கே பழக்கமில்லாத குரல்.

‘அம்மா, நான்தான்.’

‘யாருங்க?’

‘ரோஸ்லின்மா.’

‘யாருங்க நீங்க? ரோஸ்லின பேசச் சொல்லுங்க.’

தொண்டையில் ஆப்பரேஷன், அதனால்தான் குரல் இப்படி என்றேன். ‘மாப்ள சளின்னு சொன்னாரு, நீங்க ஆப்பரேஷன்ங்கறீங்க’ என்றாள். ‘ரோஸ்லினுக்கு என்னமோ ஆயிடுச்சு. எங்கிட்ட மறைக்கிறீங்க. எம் பொண்ணு குரலு எனக்குத் தெரியாதா?’ அப்பா பெயரைச் சொன்னேன், அவள் வேலை பார்த்த பட்டறையைச் சொன்னேன். ‘அதெல்லாம் அது உங்ககிட்ட சொல்லியிருக்கும். நீங்க ரோஸ்லின்னா ரெண்டு வரி பாடுங்க’ என்றாள். மருத்துவர் சொன்னதை மறந்து வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. ‘பாத்தீங்களா?’ என்று அழுதாள். எழுந்து போய் எதையோ உருட்டினாள். ‘இந்தா, இதுதான் எம் பொண்ணு, கேளுங்க’ என்று போனை டேப் ரெக்கார்டர் பக்கம் வைத்தாள். சவுண்டு சர்வீஸ்காரர் யாரோ என் பழைய கச்சேரி ஒன்றை எப்போதோ பதிந்து கொடுத்திருக்க வேண்டும்.

இரைச்சலுக்கு நடுவே பாட்டு வந்தது. சென்னைப் பாடகி மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு, கனைக்கும் இடத்தில் கனைப்பு. இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று காதைத் தீட்டிக்கொண்டு தேடினேன். கிடைக்கவில்லை. அம்மாவுக்கோ அதில் என்னைத் தவிர வேறு யாருமே கேட்கவில்லை. பாட்டு முடிந்து போனை எடுத்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. ‘உயிரோட இருக்குதா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க’ என்றாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

‘நல்லா இருக்காங்கம்மா’ என்றேன். ‘வேலைக்குப் போயிருக்காங்க. நான் கூடத் தங்கியிருக்கிறவ, சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். மன்னிச்சிக்குங்க.’

‘வெளையாடுற விஷயமாங்க இது?’ என்று திட்டினாள். திட்டத் திட்ட அவள் மூச்சு சீரானது. மூக்கைச் சிந்தினாள். ‘பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சு மாதிரி இருக்குது. எந்தூரு நீங்க?’

‘விருத்தாசலம்தாங்க.’

‘அப்படியா’ என்றாள். குரல் இளகிவிட்டது. ‘அதுக்கு அங்க யாருமே இல்லியேன்னு கவலப்பட்டுக்கினு இருந்தேன். நம்மூரு ஆளு கூட இருக்கீங்க, இப்ப நிம்மதியா இருக்குது. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தொணையா இருந்துக்குங்க.’

‘சரிங்கம்மா’ என்றேன்.