ஜமால் பாயின் விளக்கெண்ணெய் பிரேக்

நேற்றுக் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எடுத்தது என் மனைவி கமலா. "எப்போ தம்பி?" என்று கேட்டவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நானாகப் போய்ப் போனை வாங்கிக் காதில் வைத்தேன். பேசியது ஜமால் பாயின் மகன். "அத்தா மவுத்தாயிட்டாருங்க மாமா. காலைத் தொழுகைக்கு எழுப்பப் போனேன், எழுந்திருக்கல. மத்தியானத் தொழுகை முடிஞ்சதும் அடக்கம்" என்றான். சென்னையிலிருந்து சங்கராபுரம் எவ்வளவு தூரம் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர்கள் வழக்கத்தில் மய்யித்தை, இறந்தவரின் உடலை, காக்க வைப்பதில்லை. காத்திருங்கள் என்று நாம் கேட்பதும் முறையில்லை. "கெளம்பறோம்ப்பா" என்று மட்டும் சொன்னேன்.

சங்கராபுரம் கடைத்தெருவில் மண்ணெண்ணெய் விற்ற ஜமால் பாயைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேனோடு வெயிலில் நின்று அவரிடம் திட்டு வாங்கியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நானும் வாங்கியிருக்கிறேன். "இன்னா வாத்யாரே, கேனுக்கு மூடியக் காணோம். நீங்க போயி புள்ளைங்களுக்கு இன்னாத்த சொல்லித்தரப் போறீங்க?" என்று நாலு பேர் நடுவில் கேட்பார். அப்போது நான் அந்த ஊர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். அவர் கடைக்குப் பின்னால் அவருடைய இன்னொரு வீட்டில்தான் குடியிருந்தேன். அந்த வாயை வைத்துக்கொண்டு அவர் எப்படி வியாபாரம் செய்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவரிடம் ஒரு பழைய சீமைக் கார் இருந்தது. மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த யாரோ ஊரைவிட்டுப் போகும்போது விற்றது. நம் பக்கத்து வண்டிகளில் இல்லாத பிரேக் அதில் முன்சக்கரங்களில் இருந்தது. சக்கரத்தோடு சுற்றும் ஒரு வட்டத் தகடு. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க ஓர் இரும்புக் கவ்வி. அந்தக் கவ்விக்குக் காலிப்பர் என்று பேர். ஒருமுறை யாரோ ஒரு மெக்கானிக் அதைப் பிரித்து, எல்லாவற்றையும் கழுவுவதுபோல இதையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டிவிட்டார். உள்ளேயிருந்த ரப்பர் வளையம் ஊதிப்போய் பிரேக் பிடித்தது பிடித்தபடி நின்றுவிட்டது. அன்று முதல் பாய் வண்டியை யாரிடமும் விடவில்லை. "ஊருக்கெல்லாம் மண்ணெண்ணெ விக்கிறவன் நான். இந்த ரப்பருக்கு மட்டும் வாசன கூடக் காட்ட மாட்டேன்" என்பார். அதற்காக அவரைப் பெரிய மேதை என்று நினைத்துவிட வேண்டாம். முதல் தடவை தானே பூட்டிய பிரேக்கோடு ஒரு கரும்புத் தோட்டத்துக்குள் போய்த்தான் நின்றார். தோட்டக்காரர் சண்டைக்கு வந்தபோது, "நின்னுச்சா இல்லியா, அத்தச் சொல்லு" என்று இவர் திருப்பிக் கேட்டாராம்.

இடஒதுக்கீடு கேட்டு நம் பக்கத்தில் சாலை மறியல் நடந்த வருஷங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். கோரிக்கை நியாயம் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. என் சொந்த ஊரான களமருதூரில், மரங்களை வெட்டி ரோட்டில் போட என் பெரியப்பா பிள்ளைகளே கோடாலியோடு நின்றார்கள். கமலா அப்போது வெள்ளிமலை சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஏழு மாதக் கர்ப்பம். வாரக் கடைசியில் மலையிலிருந்து இறங்கி வருவாள். மறியலில் பஸ் நின்றுபோனதால் அந்த வாரம் வரவில்லை. பாய்க்கும் கடையில் வேலையில்லை. வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் காரை முட்டுக் கொடுத்து நிறுத்தி, இரண்டு காலிப்பரையும் கழற்றிச் சாக்கின் மேல் பரப்பிவிட்டார். கவ்வியை அழுத்துகிற பிஸ்டன் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன்.

அப்போதுதான் மலையிலிருந்து ஒருவர் நடந்தே வந்து சேர்ந்தார். சுகாதார நிலையத்து வாட்ச்மேனின் தம்பி. தண்ணீர் கூடக் குடிக்காமல், "நர்சம்மாவுக்கு ரெத்தம் போவுதுங்க. டாக்டரு ஊர்ல இல்ல. ஜீப்பெல்லாம் டீசல் இல்லாம நிக்குது. எப்படியாச்சும் கீழ கூட்டிக்கினு போவச் சொன்னாங்க" என்றார். நான் எழுந்து நின்றேன். எங்கே போவது என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தேன். ஊரில் வேறு கார் வைத்திருந்த இரண்டு பேரும் வண்டியை எடுக்கப் பயந்தார்கள். இருந்த ஒரே வண்டி என் கண் முன்னால் சக்கரம் இல்லாமல் நின்றது.

பாய் வேகமாகக் கவ்விகளைப் பூட்ட ஆரம்பித்தார். புது ரப்பர் வளையம் கைவசம் இருந்தது. பூட்டி முடித்துப் பிரேக் ஆயில் டின்னைத் திறந்தவர் மூக்கருகே கொண்டுபோய் அப்படியே நின்றுவிட்டார். கடையில் அவருக்குத் துணையாக இருந்தவர் மச்சான் காதர். மறியலால் மண்ணெண்ணெய் மறுபடி வராது என்று பயந்து, கண்ணில் பட்ட டின், பாட்டில், கூஜா எல்லாவற்றிலும் அதை நிரப்பி வைத்துக்கொண்டிருந்தார் காதர். கால்வாசி பிரேக் ஆயில் இருந்த இந்த டின்னையும் விடவில்லை, அதன் மேலேயே மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டார். மண்ணெண்ணெய்க் கடைக்காரர் வீட்டில்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும். காதர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வுடு மச்சான், உன் மேல தப்பில்ல. அது டின்னு, நீ ஊத்தின" என்றார் பாய். எல்லோரையும் திட்டுகிற மனிதர் அன்று திட்டவில்லை.

கடைத்தெரு முழுக்க அடைப்பு. அப்போது பாய் என்னைப் பார்த்து, "வூட்ல வெளக்கெண்ணெ இருக்கா?" என்று கேட்டார். பிரசவ வீடு, இல்லாமல் இருக்குமா? "அந்தக் காலத்துல பிரேக் ஆயிலே வெளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்ததுதான். லாரிக்காரரு ஒருத்தரு சொன்னாரு. ஸ்பிரிட்டுக்கு எங்க போறது..." என்று சொல்லிக்கொண்டே மலையிலிருந்து வந்தவரைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சாராயம் எங்கே கிடைக்கும் என்று மலைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்து வேளையும் தொழுகிற ஜமால் பாய், தலையில் தொப்பியோடு, தெருவே பார்க்க அவரோடு போய்ச் சாராயப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். எதிரே வந்த ஒருவர், "இன்னா பாய் இது?" என்று கேட்டே விட்டார். "குடிக்கப்போறது நானில்ல, காரு" என்று நிற்காமல் பதில் சொன்னார். ஒரு கரண்டியில் ஊற்றிப் பற்ற வைத்து, தண்ணீர் மிஞ்சாமல் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கலந்தார்.

பிரேக் குழாயில் காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது. அதை வெளியேற்ற நான் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். அவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகாணியைத் திறந்து மூடுவார். "அமுக்குங்க. அப்படியே வைங்க. வுடுங்க." நான் அவசரத்தில் இரண்டு தடவை சேர்த்து மிதித்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அங்கே அவளுக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, இங்கே நான் உட்கார்ந்து காலை வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கிளம்பும்போது பாய் சொன்னார்: "ஏறும்போது ஒண்ணும் இல்ல வாத்யாரே. எறங்கும்போதுதான். சாராயம் சூடாச்சுன்னா ஆவியாயிடும். அப்புறம் பெடல் சும்மா உள்ள போவும். அதனால நான் நிறுத்துற எடத்துலல்லாம் நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

வெள்ளிமலை போய்ச் சேர்ந்ததும் கமலாவைப் பின்சீட்டில் படுக்க வைத்து, தலையை என் மடியில் தாங்கிக்கொண்டேன். முதல் கியரில் வண்டி முனகிக்கொண்டே இறங்கியது. ஒரு வளைவில் பாய் கால் முழுசாக உள்ளே போனதை நான் பார்த்தேன். கைப்பிரேக்கை இழுத்து, வண்டியை மலைப்பக்கமாக ஒடித்து, மண் மேட்டில் உரசி நிறுத்தினார். எதிர்ப்பக்கம் பள்ளம். இறங்கிப் போய் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். தகடு ஆற வேண்டும். ஆறினால்தான் ஆவி மறுபடி எண்ணெயோடு சேரும். கமலா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "எடுங்க பாய், போயிடலாம்" என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "போயிடலாம் வாத்யாரே. ஆஸ்பத்திரிக்குப் போவ மாட்டோம், அவ்ளோதான்" என்றார். பிறகு, "இப்ப நாம செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. அதையும் ஒழுங்கா செய்யணும்" என்றார். கை இரண்டையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி எத்தனை இடத்தில் நிறுத்தினார் என்று நான் எண்ணவில்லை.

மலையடிவாரம் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே, நாங்கள் ஏறிப்போனபோது இல்லாத ஒரு புளியமரம் கிடந்தது. பிரேக் பிடித்தது. மறியல்காரர்கள் ஓடி வந்தார்கள். "நம்ம களமருதூரு வாத்யாருடா" என்று ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார். மரத்தை நகர்த்த யாராலும் முடியவில்லை. வெட்டுவதற்கு ஆட்கள் இருந்தார்கள், தூக்குவதற்கு ஆள் போதவில்லை. பாய் ஸ்பேனரை எடுத்துப் பின்சீட்டையே கழற்றினார். வெட்டினவர்களே அந்தச் சீட்டோடு அவளைத் தூக்கி மரத்தைத் தாண்டினார்கள். அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் ஏற்பாடு செய்ததும் அவர்கள்தான். சீட்டில்லாத காரை ரோட்டில் அப்படியே விட்டுவிட்டு பாயும் எங்களோடு ஏறினார்.

கமலா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாம்" என்று டாக்டர் என்னிடம் சொன்னபோது பாய் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் சட்டையில் சாராய வாடை. அங்கிருந்த ஓர் ஊழியர், குடித்துவிட்டு வந்திருப்பதாக நினைத்து அவரை வெளியே போகச் சொன்னார். பாய் வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்றார். நான் எழுந்து போக முடியாதபடி மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

வீடு திரும்பிய பிறகு அவர் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. கமலாதான் ஒருநாள் பிடிவாதமாக எழுந்து கொல்லைப்புறம் போனாள். ரோட்டில் விட்ட காரைக் கொண்டுவந்து, அவர் மறுபடியும் அந்தக் காலிப்பர்களைப் பிரித்து விளக்கெண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, நீங்க நின்ன எடத்துல நின்னதாலதான் நான் இருக்கேன்" என்றாள். அவர் தலை நிமிரவில்லை. "நிக்காமப் போயிருந்தா ஒருவேள புள்ளையும் இருந்திருக்கும்மா. அது எனக்குத் தெரியாது. அல்லாவுக்குத்தான் தெரியும்" என்றார்.

நேற்று நாங்கள் திண்டிவனம் தாண்டியபோதே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. முன்னால் எங்கோ விபத்து, வண்டிகள் ஊர்ந்தன. டிரைவர் ஓரமாகப் புகுந்து புகுந்து ஓட்டினார். கமலா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "தொழுக முடிஞ்சிருக்கும்" என்றாள். டிரைவரிடம் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். "இன்னாங்க சார், வண்டியில எதுனா சத்தம் வருதா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லப்பா, கொஞ்ச நேரம் நிக்கணும்" என்றாள் கமலா.

ஒரு புங்க மரத்து நிழலில் நாங்கள் இருவரும் நின்றோம். அங்கே அவரைக் குழிக்குள் இறக்கியிருப்பார்கள். ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவார்கள். எங்கள் கை அங்கே எட்டாது. கமலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜமால் பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கல்லின் மேல் அவர் உட்கார்ந்திருந்த விதம்தான். செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதை ஒழுங்காகச் செய்துவிட்டு வண்டியில் ஏறினோம்.