எண்பத்து நான்காம் எண் கிராமம்

எங்கள் அண்ணா பிறந்தது பல்லாவரத்தில். சிறு வயதிலேயே அப்பாவை இழந்து, தாலுகா அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். எண்பதுகளில் சேலையூரில் வீடு கட்டிக் குடிவந்தார். கோபம் மூக்கின் மேல் இருக்கும். மேலதிகாரியே ஆனாலும் தவறு கண்டால் விடமாட்டார். தன் தவறையும் விடாதவர் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் குலதெய்வமான எல்லையம்மன் எந்த ஊரில் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தாத்தா காலத்திலேயே ஊரைவிட்டு வந்துவிட்ட குடும்பம். தன் மகள் கலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் காலடியில்தான் வைப்பேன் என்று அண்ணா ஒற்றைக் காலில் நின்றார். கையில் இருந்தது தாத்தாவின் பழைய நிலப்பத்திரம் ஒன்றுதான். அதிலும் ஊர்ப் பெயரைச் செல் அரித்திருந்தது. ஜில்லா, தாலுகா, எண்பத்து நான்காம் எண் கிராமம் என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. அண்ணா அலுவலகப் பட்டியலில் அந்த எண்ணைத் தேடி ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். அன்று அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

வேன் பிடித்துப் போனோம். அந்த ஊர் எல்லையம்மனுக்குப் பொங்கல் வைத்துப் பத்திரிகையையும் வைத்தோம். ஊரார் சொந்தக்காரர்களாகவே வரவேற்றார்கள். கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. பிறகு ஒவ்வோர் ஆடியிலும் போனோம்.

சில ஆண்டுகள் கழித்து, பழைய பதிவேடுகளை அடுக்கும்போதுதான் அண்ணாவுக்கு விஷயம் தெரிந்தது. இடையில் தாலுகாவைப் பிரித்தபோது கிராமங்களின் எண்களை மாற்றியிருக்கிறார்கள். தாத்தா காலத்து எண்பத்து நான்கு வேறு ஊர். வேலையே அதுவாக இருந்தவருக்கு அது தோன்றாமல் போயிற்று. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

"தெய்வத்த மாத்திக் கும்பிட்டுட்டேன் பாப்பா. கலா கல்யாணத்துக்கு நம்ம அம்மனையே கூப்பிடல" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

சரியான ஊருக்குத் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டு வந்தார். ஆனால் ஆடி வந்தால் முதல் ஊருக்கும் போவார். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அந்த ஊராரிடம் உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

இதய நோயால் மூன்று மாதம் படுத்திருந்து அண்ணா போய்விட்டார். காரியத்தன்று அந்த முதல் ஊர்ப் பூசாரியும் பத்துப் பேரும் பஸ் ஏறி வந்து நின்றார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. நாங்கள் உண்மையில் அவர்கள் ஊர்க்காரர்கள் இல்லை என்று பூசாரியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"தெரியும்மா. அப்பவே வந்து எல்லார் முன்னாடியும் சொல்லி அழுதாரு. அதனால இன்னா, உங்க வூட்டு மொத பத்திரிக எங்க ஆத்தா காலாண்டதான கீது, வருசா வருசம் வந்துடுங்கன்னு நாங்கதான் சொன்னோம்" என்றார் பூசாரி.

இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், அண்ணிக்குத் துணையாக இருந்த தெருவாருக்கும், தூரம் பாராமல் வந்த சொந்தங்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் முதல் நன்றி, முதல் பத்திரிகை போன அந்த ஊருக்குத்தான்.